அப்பா ஏன் நின்னு நின்னு போட்டோ எடுக்கிறார்?

வயசான அப்பா அம்மாவை ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறவங்க இந்த த்ரெட்டைக் கொஞ்சம் பொறுமையா வாசிங்க. கொஞ்சம் பயணக் கதை, கொஞ்சம் மருத்துவம்.

போன அக்டோபர்ல அப்பா, அம்மா, நான் மூணு பேரும் நியூஜெர்சியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனோம். அங்கே அது இலையுதிர் காலம். பகல் குறைஞ்சு குளிர் ஏறும்போது இலையின் பச்சையம் சிதைஞ்சு, அதுவரை மறைஞ்சிருந்த மஞ்சள் வெளியே வரும். மேப்பிள் மாதிரி மரங்கள் புதுசா சிவப்பு நிறமியும் தயாரிக்கும். நம்ம ஊர்ல பழுத்த இலையைக் கூட்டித் தள்ளுவோம், அங்கே அதைப் பார்க்கவே காரெடுத்து மலைக்குப் போறாங்க!

முதல் சனிக்கிழமை ஹை பாயின்ட் ஸ்டேட் பார்க். 1,803 அடி, அந்த மாநிலத்திலேயே உயரமான இடம். உச்சியில் போர்வீரர்கள் நினைவா 220 அடித் தூண். "நம்ம பொதிகையில மூணுல ஒரு பங்குகூட இல்லையே"ன்னு அப்பா அத்தானைச் சீண்டிக்கிட்டே நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் நின்னார். போனை எடுத்தார். ஒரு மரத்தைப் போட்டோ எடுத்தார். ரெண்டு நிமிஷம் கழிச்சு நடந்தார். மறுபடி நின்னார், மறுபடி ஒரு மரம். மூணாவது தடவையில் இருந்து நான் அடிகளை எண்ண ஆரம்பிச்சேன். சமதளத்தில் ஏறக்குறைய 300 அடி, ஏற்றத்தில் அதுக்கும் கம்மி. மரம் அழகா இருக்கோ இல்லையோ, அந்தக் கணக்கு மாறவே இல்லை.

மறுநாள் காஸ்ட்கோ. ட்ராலியைப் பிடிச்சுச் சாய்ஞ்சு நடந்தும் அதே தூரத்தில் நின்னார். இது முக்கியம். முதுகுத் தண்டுவடப் பாதை சுருங்கி நரம்பு நெரிஞ்சாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனா அவங்களுக்கு முன்னால குனிஞ்சு ட்ராலியைத் தள்ளினா பொதுவா சுகமா இருக்கும், உட்கார்ந்தாத்தான் வலி அடங்கும். அப்பாவுக்குச் சும்மா நின்னாலே போதுமா இருந்தது.

அன்னைக்கு ராத்திரி ரம்மி. அக்கா வீட்ல ராத்திரி சாப்பாடு முடிஞ்சா சீட்டுக்கட்டு வந்துரும். அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், பாயின்ட் கணக்கில் அவரை யாரும் ஏமாத்த முடியாது. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தின் மேல் விரலை வச்சேன். இடது காலில் நாடி லேசா கிடைச்சது. வலது காலில் கிடைக்கவே இல்லை.

"ஏல, என் சீட்டைப் பாக்க வந்தியா, காலைப் பாக்க வந்தியா?"

"கெண்டைக்கால் வலிக்குதாப்பா?"

பதில் அம்மாகிட்ட இருந்து வந்தது. "ஊர்லயே மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர நாலு எடத்துல நிப்பாவ. கேட்டா, தெரிஞ்ச ஆளைப் பாத்தேம்பாவ."

அப்பா சீட்டிலிருந்து கண்ணை எடுக்கலை. "மூணு வருசமா கூப்பிடுதா. கால் வலின்னு சொன்னா நீ பிளேன் ஏற விட்டிருப்பியா?"

அக்கா சட்டுன்னு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

இதுக்குப் பேர் கிளாடிகேஷன். காலுக்குப் போற ரத்தக்குழாயில் கொழுப்பு படிஞ்சு அடைப்பு. உட்கார்ந்திருக்கும்போது வர்ற ரத்தம் போதும், நடக்கும்போது தசை கேட்கிற அளவுக்கு வராது. அதனால வலி, நின்னா போயிடும். ஜெர்மன்காரங்க இதைக் கடை ஜன்னல் வியாதின்னு சொல்வாங்க. வலிக்கு நிக்கிறவர் கடையை வேடிக்கை பார்க்கிற மாதிரி பாவனை பண்ணுவாராம். எங்க அப்பாவுக்கு மேப்பிள் மரம். ரிட்டயர் ஆகுற வரைக்கும் சிகரெட், 14 வருஷமா சுகர். இந்த வியாதிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. காலில் அடைப்பு இருந்தா இதயம், மூளைக் குழாய்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். நான் பயந்தது அதுக்குத்தான்.

அக்கா உடனே எமர்ஜென்சிக்குப் போகலாம்னா. இன்சூரன்ஸில் பழைய வியாதிக்குக் கவரேஜ் இல்லைன்னு அத்தான் மெதுவா சொன்னார். பாதம் வெதுவெதுப்பா இருக்கு, புண் இல்லை, படுக்கும்போது வலி இல்லை, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கிடையாது. அதனால ஊருக்கு வந்து பார்க்கலாம்னு முடிவு பண்ணினேன். கால் திடீர்னு ஜில்லுன்னு வெளுத்து, மரத்துப் போய், தாங்க முடியாம வலிச்சா மட்டும் காசு, இன்சூரன்ஸ் எதையும் யோசிக்கக் கூடாது. சில மணி நேரத்தில் காலே போயிடும்.

அடுத்து எல்லாரும் கேட்டது: அப்ப இனிமே நடக்கக் கூடாதா? நடக்கணும்! இதுக்கு நடைதான் முக்கியமான சிகிச்சை. வலி ஓரளவு ஏறுற வரை நட, நில்லு, வலி போனதும் திரும்ப நட. இப்படி 30 நிமிஷத்தில் ஆரம்பிச்சு, வாரம் மூணு நாளாவது, குறைஞ்சது 12 வாரம். அடைப்பு கரையாது, ஆனா தசை இருக்கிற ரத்தத்தை வச்சு வேலை பார்க்கப் பழகிடும், நடக்கிற தூரம் கூடும். (காலில் புண்ணோ, படுக்கையில் வலியோ இருக்கிறவங்களுக்கு இது பொருந்தாது. முதல்ல டாக்டரைப் பாருங்க.)

அடுத்த வாரம் பேர் மவுன்டன் போனோம். மலை ஏறலை. கீழே ஹெஸியன் ஏரியைச் சுத்தித் தளம் போட்ட பாதை இருக்கு. அக்கா மக ஸ்டாப்வாட்ச் பிடிச்சா, தாத்தா நின்ன இடத்தையெல்லாம் நோட்டில் குறிச்சா. கடைசி நாள் ரம்மியில் தோத்த கடுப்பில் தாத்தா அந்த நோட்டையும் பந்தயத்தில் சேர்க்கப் பார்த்தார், அவ விடலை.

ஊருக்கு வந்ததும் கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்துப் பார்க்கிற ஏபிஐ எடுத்தோம். 0.9 அல்லது அதுக்குக் கீழே இருந்தா அடைப்பு. வலது 0.68. (சுகர்காரங்களுக்குக் குழாய் இறுகிப் போய் இது தப்பா நார்மல் காட்டலாம், அப்போ டாப்ளர் ஸ்கேன்.) ஈசிஜி, எக்கோ பார்த்தாச்சு. ஸ்டேட்டின், ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை, சுகர் மாத்திரையில் மாற்றம், தினமும் பாதத்தைப் பார்க்கிற வேலை அம்மாவுக்கு.

இப்போ பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறார். நேத்து 700 அடி நிக்காம போனதா அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பியிருக்கார். கூடவே ஒரு வேப்பமரப் போட்டோ.