வெள்ளாற்றங்கரையில் தை மாதத்துக் காற்று

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் வழியாகத் தொழுதூர் செல்லும் சாலையில், வெள்ளாற்றின் வடகரையில் அமைந்திருக்கிறது திட்டக்குடி. 2021-ஆம் ஆண்டில் இது நகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் இயல்பில் இன்றும் உழவர்களின் சந்தையூரே. அருகே கீழச்செருவாயில், தொழுதூர் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறும் வெலிங்டன் ஏரி. ஆற்றின் தென்கரையில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பெயர்பெற்ற பெரம்பலூர்ச் சீமை. இரு கரை விளைச்சலும் வந்து கூடும் காலம் தையும் மாசியும்.

அக்காலத்து விடியற்பொழுதில் இச்சாலையில் பயணம் செய்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். தார்ச்சாலையின் ஒரு பாதியில் தானியம் பரப்பப்பட்டிருக்கும். வரகோ கொள்ளோ மக்காச்சோளமோ, எதுவாயினும் போகும் வண்டிகளே அதைப் போரடித்துக் கொடுக்கின்றன. பேருந்து கடந்ததும் எழும் தூசியில், தலையில் துண்டு சுற்றிய பெண்கள் சற்று நேரம் மறைந்துபோகிறார்கள். தூசி அடங்கியதும் மீண்டும் துடைப்பத்துடன் குனிகிறார்கள். விபத்துக்கு இடம் தரும் வழக்கம்தான். ஆனால் களமில்லாத சிறு விவசாயி தன் விளைச்சலை எங்கே கொண்டுபோய் உலர்த்துவான்?

சந்தையிலும் கொள்முதல் நிலையத்திலும் இதே தூசிதான், சற்று மிகுதியாக. மூட்டையை அவிழ்க்கும்போதும், குவிக்கும்போதும், தூற்றும்போதும் பதரும் நெற்சுணையும் பறக்கின்றன. சுணை பட்ட உடல் எரியும், தொண்டை கமறும். “அறுவடைக் காலமென்றால் இருமல் இருக்கத்தான் செய்யும்” என்று நம்மவர் அதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை.

எண்ணியவர் ஒருவர் இருந்தார். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில், தானியம் சலிப்போருக்கும் அளப்போருக்கும் வரும் மூச்சிரைப்பைத் தனியாக எடுத்து எழுதினார். குயவரின் நோய்களையும் அவர் விட்டுவிடவில்லை. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலமும் தானியம் குவியும் திட்டக்குடியும் அவர் நூலில் அடுத்தடுத்து நிற்பனபோல் நமக்குத் தோன்றியது. பின்னர், 1932-இல் இங்கிலாந்தில், பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாண்டோருக்கு நுரையீரல் நோய் உண்டாவதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஈரத்தோடு அடுக்கிய போரைப் பிரிப்போருக்கு இது நேரான எச்சரிக்கை.

தூசி ஒருபுறம், புகை மறுபுறம். இரண்டும் ஒன்றல்ல. பதர்த்துகள் பருமனானது, பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இரட்டையாக மடித்த துணியே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வைக்கோலும் கரும்புத் தோகையும் எரிவதால் எழும் புகையின் துகளோ மயிரிழையின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அது துணிக்கு அடங்காது. நுரையீரலின் அடிவரை இறங்கும். இரண்டரை மைக்ரான் அளவுக்குட்பட்ட இந்த நுண்துகள், ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது 2009-இல் இந்தியா வகுத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்ததோ 15 மட்டுமே.

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்பது பழமொழி. தை மாத விடியலில் அந்தக் காற்றுதான் இல்லை. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிட, அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்கிறது. அடியில் எழுந்த புகை மேலே செல்ல வழியின்றி வீதியிலேயே படுத்துக்கிடக்கிறது. 2018-இல் போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து விமானங்களையே தடுமாறச் செய்ததும் இதனால்தான். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது புகை நில்லாது, மணல்தான் பறக்கும். ஐப்பசி மழை எல்லாவற்றையும் கழுவிவிடும். ஆகவே இவ்வூர்க் காற்றின் துன்பம் ஆண்டு முழுவதுமன்று. மகசூல் வீடு வரும் அந்தச் சில வாரங்களே.

அதனாலேயே அது எவர் கணக்கிலும் ஏறுவதில்லை போலும். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1981-இல்; தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் அமைந்தது 1982-இல். 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நம் மாநிலத்திலிருந்து இடம்பெற்றவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய பெருநகரங்களே. சந்தையூர்களுக்கு அங்கே இடமில்லை.

உழவர்மேல் பழி சுமத்த நமக்கு மனமில்லை. கூலியாள் கிடைக்காமல்தான் அறுவடை இயந்திரம் வந்தது. அது வயலில் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலைத் திரட்டக் கூலி கட்டாதபோதுதான் தீக்குச்சி கிழிக்கப்படுகிறது. வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் அதுவே மாட்டுத் தீவனமாக விலைபோகிறது. கரும்புத் தோகையைத் தூளாக்கி வயலிலேயே பரப்பினால் ஈரம் காக்கும், மண்ணும் வளம்பெறும். இவற்றுக்குப் பணம் வேண்டும், கூட்டு முயற்சியும் வேண்டும். கிராமந்தோறும் உலர்களம் அமைக்கவும் அரசின் கை நீளவேண்டும். கொள்முதல் நிலையத்துத் தூற்றும் இயந்திரத்தின் வாயை, வீடுகளும் பள்ளியும் இல்லாத வயற்புறமாகத் திருப்பி வைப்பதற்கு மட்டும் ஒரு காசும் வேண்டியதில்லை.