மூன்று முறை இறக்கிய ஹெட்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போகும் விவசாயி அவர். மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். தவணையில் வாங்கிய பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று உண்டு. எரிபொருள் செலவு குறையட்டும் என்று அதை சி.என்.ஜி. கேஸுக்கு மாற்றினார். செலவு குறைந்தது. ஆனால், இன்ஜின் ஹெட்டை மூன்று முறை இறக்க வேண்டியதாகிவிட்டது.

ஒவ்வொரு முறையும் ஒரே தொல்லைதான். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். நின்ற இடத்தில் குலுங்கும். மேட்டில் இழுவை இருக்காது. 'வால்வு சீட் தேஞ்சுபோச்சு' என்று கடைந்து பூட்டிக் கொடுப்பார்கள். மூன்றாவது முறை அறுவடை நேரம். 40 பெட்டித் தக்காளியோடு வண்டி வழியிலேயே நின்றது. வாடகை வண்டி பிடித்துப் போவதற்குள் சந்தை முடிந்திருந்தது.

"ஏங்க, இதை வித்துத் தொலைச்சிடலாம்" என்றார் மனைவி. வரவு செலவு நோட்டு அவரிடம்தான் இருந்தது. ரிப்பேருக்கு ரிப்பேர் வண்டி ஓடிய தூரம் குறைந்துகொண்டே வந்ததை அதில்தான் இருவரும் கண்டார்கள்.

பழனியில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் அந்த நோட்டைத்தான் முதலில் படித்தார். "தம்பி, தேயுறது சீட்டு. தேய வைக்கிறது எதுன்னு யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

கம்ப்ரஷன் அளந்தபோது மூன்றாவது சிலிண்டரில் குறைந்திருந்தது. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தார், ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். அடுத்து, இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்று ஏற்றினார். சைலன்சரில் 'உஸ்' என்றது. கசிவது எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சத்தம் வந்தால் இன்லெட் வால்வு. ஆயில் மூடியில் வந்தால் ரிங்.

காரணத்தையும் அவரே சொன்னார். கேஸ் உலர்ந்த எரிபொருள். பெட்ரோலில் வால்வுக்கும் சீட்டுக்கும் கிடைக்கும் சிறு பாதுகாப்பு இதில் கிடையாது. சூடான வால்வு அடித்து அடித்துச் சாதாரண சீட் தேயும். வால்வு உள்ளே இறங்கும். தேய்ந்தால் இடைவெளி கூடும் என்றுதான் நினைப்போம். இங்கே டேப்பெட் இடைவெளி குறையும். அது அற்றுப்போனால் வால்வு முழுதாக மூடாது. சூடு சீட்டுக்கு இறங்க வழியின்றிக் கருகும். முன்பு கடைந்தவர்கள் பழைய சீட்டையே கடைந்தார்கள். அதனால் வால்வு இன்னும் ஆழம் போனது. இடைவெளியையும் யாரும் சரிபார்க்கவில்லை.

இம்முறை கேஸுக்கு ஏற்ற கெட்டியான சீட்டும் புது எக்ஸாஸ்ட் வால்வுகளும் போட்டார்கள். கேஸ் குறைவாகக் கலந்து அதிகச் சூடாகாதபடி செட்டிங்கையும் சரிசெய்தார்கள். "இலை மஞ்சளானா இலைக்கே மருந்து அடிச்ச கதைதான் இத்தனை நாளும் நடந்திருக்கு" என்று விவசாயி சிரித்தார்.

மனைவியின் நோட்டில் இப்போது புதிதாக ஒரு கட்டம்: டேப்பெட் பார்த்த தேதி. அடுத்த காய்ப்புக்கு வண்டி ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

கேஸுக்கு மாற்றிய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. சீட் கேஸுக்கு ஏற்றதா? டேப்பெட் இடைவெளியைக் கடைசியாக எப்போது பார்த்தோம்? ஹெட்டை இறக்குவது அதற்குப் பிறகு.