எண்ணூர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதே

திருவொற்றியூர்

அன்புள்ள கயல்,

உனக்குப் பி.எட். பயிற்சிப் பள்ளி எண்ணூரில் விழுந்திருக்கிறதாம், வேளச்சேரிப் பக்கம் மாற்றித் தரச்சொல்லிக் கல்லூரியில் எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். அக்கா நேற்று போனில் சொன்னாள். கொடுக்காதே. காரணத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே “சரி சித்தி, சரி சித்தி” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தூரம் என்கிறாய். தூரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வடக்கு எப்போதும் ஓரமாக இருந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு வித்தான நார்மல் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டுதான். அதற்குப் பின் லேடி வெலிங்டன் கடற்கரைச் சாலையில் வந்தது, ஸ்டெல்லா மட்டுட்டினா அசோக் நகரில் வந்தது. 2008-ல் தொடங்கிய ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமோ காரப்பாக்கத்தில் இருக்கிறது. வாத்தியாரை உருவாக்கும் பெரிய இடங்கள் தெற்கே நகர்ந்துகொண்டே போக, பிள்ளைகள் வடக்கே இருக்கிறோம். உங்கள் பேராசிரியர்களுக்கே இந்தப் பக்கம் தூரமாகத் தெரிந்தால் நீ என்ன செய்வாய்!

ஆனால் இங்கே வந்தால்தான் உனக்குப் புரியும் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நினைவிருக்கிறதா? எண்ணூர் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்கள் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து எங்கள் பள்ளி திறந்த பிறகு, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் அழகான சார்ட் ஒன்றை மாட்டி அம்மோனியா பாடம் நடத்தினாள். நிறமற்றது, கார நெடியுடையது, காற்றைவிட லேசானது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். “லேசுன்னா மேலதானே மிஸ் போகணும்? அன்னிக்கு ஏன் தரையோட தரையா எங்க தெருவுக்குள்ள வந்துச்சு?”

அவள் “அது சிலபஸில் இல்லை, உட்கார்” என்றாள்.

எவ்வளவு நல்ல கேள்வி தெரியுமா, கயல்? பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை. சாதாரண வெப்பத்தில் அம்மோனியா காற்றைவிட லேசுதான். ஆனால் அதைச் சாதாரண அழுத்தத்தில் திரவமாக வைத்திருக்கும்போது கிட்டத்தட்ட மைனஸ் 33 டிகிரி குளிர். அந்தக் குளிரோடு வெளியே வந்தால் சுற்றியிருக்கும் ஈரக்காற்றையும் குளிர்வித்து, நுண்துளிகளோடு கனத்த புகையாகத் தரையில் தவழும். நன்றாகச் சூடேறிய பிறகுதான் மேலே எழும். தண்ணீரில் எளிதில் கரையும் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, ஈரத்துணி உதவியது அதனால்தான். ஒரு பீரியட் முழுக்க நடத்த வேண்டிய பாடத்தை அந்தப் பையனே கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். கல்லூரியில் நடக்கும் நுண்ணிலைக் கற்பித்தலில் கூடப் படிப்பவர்களே மாணவர்களாக நடிக்கிறீர்கள். நடிக்கிற மாணவன் இப்படிக் கேட்கமாட்டான்.

பி.எட். 2015-ல் இரண்டு வருடமானதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2014 விதிமுறைப்படி முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே வருகிறவர்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் ரெக்கார்டுக்குக் கோடு போடுகிறார்கள். மதிப்பெண் அங்கே இருக்கிறது, பாவம். இன்னொரு கை டெட் தகுதித்தேர்வுக் கைடைப் பிடித்திருக்கும். வேலைக்கு அதுதான் வாசல் என்பதால் அதையும் தப்பு என்று சொல்ல வாயில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பள்ளிகளுக்காக 2003 முதல் வேறு மாதிரி செய்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன் போல, ஒரு பள்ளி ஆண்டு முழுக்க ஒரே மூத்த ஆசிரியரின் வகுப்பிலேயே இருந்து பழக வேண்டும். நம் பல்கலைக்கழகம் வடசென்னைக்கென்று அப்படி ஒன்று செய்தால் என்ன என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி திறக்கிற நேரத்தில் காசிமேட்டு வீடுகளில் கையில் காசிருக்காது. அப்போது ஐம்பது ரூபாய் கொண்டு வா என்றால் பிள்ளை நாலு நாள் வராது. வருகைப் பதிவேட்டை இப்படிப் படிக்க எந்தத் தாளில் சொல்லித் தருகிறார்கள்? கன்டெய்னர் யார்டு வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளை ஆறாம் வகுப்பில் தமிழ் எழுத்தே தெரியாமல் உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

அதனால் பதினாறு வாரமும் இங்கேயே இரு. தினமும் வந்து போக வேண்டாம், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பீச் வந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறு, சித்தப்பா ஸ்டேஷனுக்கு வருவார். ரெக்கார்டை ராத்திரி என்னோடு உட்கார்ந்து எழுதலாம், கோடு நான் போட்டுத் தருகிறேன். கொசு அதிகம், வலை கொண்டு வா. சேரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் குப்பத்துப் பக்கம் நடந்துவிட்டு வரலாம். அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி