வேலி வெட்டும் மெசினும் எங்கள் அவசரமும்



கொஞ்சம் நீளமான பதிவு. பற்றரியில் ஓடும் வேலி வெட்டும் மெசின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். எங்கள் பிழையில் இருந்து நீங்கள் படித்தால் எங்களுக்குச் சந்தோசம்.

எங்கள் பாடசாலையின் முன்வேலி செவ்வரத்தையும் சீமைக்கிளுவையும் கலந்தது. மாரி முடிந்தால் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிவிடும். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். வாசலால் வெளியே வரும் பிள்ளைக்கு ஏ9 வீதியில் வரும் பஸ் தெரியாது. அதுதான் எங்கள் பயம். முன்பு நாலு பேர் கத்தியோடு இரண்டு நாள் மினக்கெடுவோம். அந்தக் கஷ்டத்தைக் கேள்விப்பட்டு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் இந்த மெசினை அனுப்பிவைத்தார்.

மார்கழி விடுமுறை முடிந்து வந்து பற்றரியைப் போட்டால் மெசின் அசையவில்லை. காவலாளி அண்ணை, "சேர், இது செத்துப்போச்சு" என்றார். விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்களும் சுவிச்சை நாலுதரம் அமத்திப் பார்த்துவிட்டு, பாவிக்க முடியாத பொருட்களின் பட்டியலில் எழுதப் பேனையை எடுத்துவிட்டோம். அனுப்பியவர் கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கம் வேறு.

பத்தாம் தரத்துப் பொடியன் ஒருவன்தான் மெசினைத் திருப்பிப் பார்த்தான். "சேர், இதுக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு." பற்றரி பூட்டும் குழிக்குள் மண்கூடு! பற்றரி முழுதாக உள்ளே போகவில்லை. 'டக்' என்ற சத்தம் கேட்காததை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. மரக்குச்சியால் மண்ணைச் சுரண்டி, காய்ந்த துணியால் செப்புத் தகடுகளைத் துடைத்தோம். மெசின் ஓடியது.

கதை அதோடு முடியவில்லை. ஓடியதே தவிர அலகு இழுத்து இழுத்துத்தான் வெட்டியது. போன தவணை வெட்டிய சீமைக்கிளுவையின் சாறு பல்லிடுக்கெல்லாம் காய்ந்து பசையாகப் பிடித்திருந்தது. துப்புரவாக்காமல் தொடர்ந்து வெட்டினோம். ஒரு தடி இறுகி மெசின் நின்றது. அண்ணை ஒரு கையால் பின்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தடியை இழுத்தார். தடி விடுபட்டது. அலகு ஓடியது. கையுறையின் நுனி போனது, விரல் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் ஓடியது? இந்த மெசினில் இரண்டு சுவிச் இருக்கிறது. முன்பிடியில் ஒன்று, பின்பிடியில் ஒன்று. இரண்டையும் அமத்தினால்தான் அலகு ஓடும். இரண்டு கையும் பிடியில் இருந்தால் விரல் அலகுக்குப் போகாது என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு கையால் எட்டி வெட்டலாம் என்று முன்சுவிச்சை ரேப் சுற்றிக் கட்டி வைத்திருந்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். அன்றே ரேப்பை அறுத்து எறிந்தோம்.

அதற்குப் பிறகு அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்களுக்கும் உதவும்:

1. எதைத் தொடுவதற்கும் முதல் பற்றரியைக் கழற்றுங்கள். தடி இறுகினாலும், துடைத்தாலும், இடம் மாற்றினாலும் அதுதான் முதல் வேலை. இறுகிய தடியை இன்னொரு தடியால் தட்டி எடுங்கள், விரலால் வேண்டாம்.

2. ஓடவில்லையா? பற்றரி 'டக்' என்று பூட்டுப்பட்டதா, தகடுகளில் மண், எறும்பு, துரு இருக்கிறதா, இரண்டு சுவிச்சும் அமத்தப்படுகிறதா என்று பாருங்கள். அதே பற்றரி போடக்கூடிய துளைக்கும் மெசின் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் பற்றரியில் பிழையில்லை.

3. வேலை முடிந்ததும் பசையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, தையல் மெசின் ஒயில் சில துளி அலகு நீளத்துக்கு விடுங்கள். தண்ணீரால் கழுவ வேண்டாம். மண்ணெண்ணெய் தொட்ட துணியை அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

4. பல்லிடைவெளிக்குள் தானாக நுழையாத தடியை மெசினால் வெட்ட நினைக்காதீர்கள். அதற்குக் கத்தி இருக்கிறது. எங்கள் பக்க வேலிகளுக்குள் பழைய முள்ளுக்கம்பி ஒளிந்திருக்கும். வெட்ட முதல் ஒருதரம் நடந்து பாருங்கள்.

5. வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜரில் போட்டால் லைற் மினுங்கும், ஏறாது. அது பழுதல்ல, பற்றரி தன்னைக் காப்பாற்றுகிறது. நிழலில் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள்.

6. நீண்ட விடுமுறைக்குப் பற்றரியைக் கழற்றி, பாதி சார்ஜில், தகரக் கொட்டிலுக்குள் இல்லாமல் குளிர்ச்சியான அலுமாரியில் வையுங்கள். மெசினின் குழியைத் துணியால் மூடிக் கட்டுங்கள். குளவிக்கு வேறு இடம் இருக்கிறது.

கடையில் ஒரு பெட்டியில் 18 வோல்ற், இன்னொன்றில் 20 அல்லது 21 என்று இருந்தால் பெரியதே நல்லது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டுக்குள்ளும் ஐந்து கலங்கள் தொடராகத்தான் இருக்கும். ஒரு கலத்துக்கு 3.6 என்று கணக்கிட்டால் 18, முழுச் சார்ஜில் 4.2 என்று கணக்கிட்டால் 21. ஆனால் ஒன்றின் சார்ஜரை மற்றதுக்குப் போடாதீர்கள். செருகுப்படுவதெல்லாம் பொருந்துவதல்ல.

இன்னொன்று மிக முக்கியம். இந்த லிதியம் அயன் பற்றரிக்கு வழிகாட்டிய மூவருக்கு 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாங்களோ பழுதான பற்றரியைக் குப்பையோடு போட்டு நெருப்பு வைக்கிறோம். அது வெடிக்கும், நச்சுப்புகை வரும். ஊதிப்போன பற்றரியைச் சார்ஜ் பண்ணவும் குத்திப் பார்க்கவும் வேண்டாம். பிள்ளைகள் கைபடாத இடத்தில் தனியாக வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

மீள்குடியேறி வந்தபோது எங்கள் சனம் பற்றை மூடிய காணிகளைக் கத்தியாலும் மண்வெட்டியாலும்தான் துப்புரவாக்கியது. அந்தக் கத்தியை இரவு தீட்டி வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். பொருளைப் பேணத் தெரியாத ஊர் இல்லை இது. யாரோ அனுப்பிய பொருள் என்றதும் எங்களுக்கு அந்தப் பழக்கம் மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அனுப்பிய தம்பிக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டோம், வெட்டிய வேலியின் படத்தோடு. இப்போது வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் வீதி தெரிகிறது.

அடுத்த சிரமதானத்துக்கு வீட்டில் 'செத்துப்போன' மெசின் இருந்தால் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து திறந்து பார்ப்போம். பொடியனும் வருவான்.