பிள்ளைக்கு இட்ட பெயர்

திருச்சிற்றம்பலம்

பெற்றோர் தம் மக்கட்கு வழங்கும் செல்வங்களுள் முதலாவது பெயர். நிலமும் பொருளும் கைமாறும். கல்வி முயற்சியால் வரும். பெயரோ, அதன் பொருளை அறியும் ஆற்றல் இல்லாத பருவத்தே ஒருவன்மேல் இடப்பெற்று, அவன் உடல் வீழுங்காறும் உடன் வருவதாகும். தொட்டிலிற் கிடக்கும் குழவிக்கு இடுகின்றோமாயினும், அதனைச் சுமக்கப் போகின்றவன் வளர்ந்த ஆடவன் என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. இவ்வுண்மையை எளியேன் என் பெயரால் அறிந்தேன். அண்மையில் என் பேரன் பெயரால் மீண்டும் அறிந்தேன். அதனை ஈண்டு அன்பர்கட்குக் கூறுவேன்.

எளியேன் பெயர் பிச்சை. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து அப்பெயரை விளிக்குந்தோறும், பின்னிருந்த சிறுவர் உள்ளங்கைகளை ஏந்திக் காட்டுவர். திருமணம் பேசிய காலத்தில் பெண் வீட்டார், "அழைப்பிதழில் அச்சிடுதற்கு வேறு பெயர் உண்டோ?" என்று வினவினர். அலுவலகத்திற் கையொப்பமிடும் போதெல்லாம் அப்பெயரை எவரும் படிக்கலாகாது என்றே கிறுக்கி வைப்பேன். முடிவில், பெயரை மாற்றி அரசிதழில் வெளியிட விரும்பி ஒரு விண்ணப்பமும் எழுதினேன். எழுத்தறியாத என் அன்னையார் அது யாது என்று கேட்டார். கூறினேன். சிறிது நேரம் வாளாவிருந்து, பின் சொன்னார்:

"உனக்கு முன் இருவர் பிறந்து, தொட்டிலை விட்டு இறங்காமலே போயினர். நீ பிறந்தபொழுது உன்னை முறத்திற் கிடத்தி அண்டை வீட்டாளிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினேன். கூற்றுவன் வந்து கேட்டால், இவன் என் பிள்ளை அல்லன், இரந்து பெற்ற பிச்சை என்று சொல்லலாமன்றோ, அப்பா?"

விண்ணப்பத்தை அப்பொழுதே கிழித்தேன். முப்பதாண்டு சுமையாயிருந்த பெயர் அன்று முதல் அணியாயிற்று. பெயர் மாறிற்றில்லை, அதன் வரலாறு தெரிந்தது, அவ்வளவே. கையில் ஓடேந்திப் பலி கொள்ளும் எம்பெருமானைப் பிச்சாடனர் என்றே வழிபடுகின்றோம் என்னும் எண்ணமும் அதன் பின்னரே தோன்றிற்று.

சென்ற ஆண்டு என் மகனுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெயரைத் தெரிந்து கூறும் பொறுப்பினை என்பால் விட்டனர். விரைய வேண்டுவதில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறப்பினை 21 நாட்களுள் அறிவித்தல் வேண்டுமெனினும், பெயரின்றியும் பதியலாம். பெயரைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். உறவினர் பலர் செவிக்கினிய சிறு பெயர்களைக் கூறினர். அவை மழலைக்குப் பொருந்துவன. ஆயினும் நாற்பது அகவையில் ஓர் அவையில் எழுந்து நிற்பவனுக்கும், எழுபதில் பேரரால் சூழப்பட்டவனுக்கும் பொருந்துமோ என்று ஒவ்வொன்றையும் வாயால் விளித்துப் பார்த்தேன். மனம் நிறையவில்லை.

அப்பொழுது சேக்கிழார் பெருமான் அருளிய கண்ணப்ப நாயனார் வரலாறு நினைவிற்கு வந்தது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகன் நெடுநாள் பிள்ளையின்றி முருகனை வேண்டிப் பெற்ற மகவினைக் கையில் ஏந்தினான். அது திண்ணென்றிருந்தது. ஆதலின் திண்ணன் எனப் பெயரிட்டான். நாகன் நூலை நாடினானல்லன், நாள்மீனை நோக்கினானல்லன், தன் கை உணர்ந்ததையே பெயராக்கினான். அத் திண்மையே பின்னர்க் காளத்தியில் தன் கண்ணை அகழ்ந்து அப்பும் அன்பின் திண்மையாயிற்று. குழவிக்கும் பொருந்தி, காளைக்கும் பொருந்தி, தொண்டர்க்கும் பொருந்திய பெயர் அது. "திண்ணன் என்றே இடுவோம்" என்றேன்.

மருமகள் முகம் வாடினாள். "மாமா, இக்காலத்துப் பிள்ளைகள் ணகர னகர வேறுபாடு அறியார். தின்னன் என்பர், தின்னி என்று நகைப்பர். நீங்கள் பட்டது போதாதா?" என்றாள்.

விடை கூற இயலவில்லை. என் பெயரால் நேர்ந்த மனத்தாழ்வினை இச்சிறுவன் பெயராலே தீர்த்துக்கொள்ள முயன்றேனோ என்ற ஐயமும் எழுந்தது. அன்றிரவு உறக்கமின்றித் திருநாவுக்கரசு சுவாமிகளை நினைந்தேன். பெற்றோர் அவர்க்கு இட்ட பெயர் மருணீக்கியார். பெற்றோர் மறைந்தனர், பிள்ளையோ புறச்சமயம் புகுந்து தருமசேனர் ஆனார். இட்ட பெயர் வறிதாயிற்று என்றே ஊரார் எண்ணியிருப்பர். ஆனால் தமக்கையார் திலகவதியார் திருவதிகையிற் காத்திருந்தார். சூலைநோயால் வருந்தி வந்த தம்பியார்க்குத் திருநீறளித்துத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். மருள் நீங்கிற்று, பெயர் மெய்யாயிற்று. பெயர் தானே ஒருவனைத் தாங்குவதன்று. அதன் பொருளைக் காத்துக் கொடுப்பார் ஒருவர் வேண்டும் என்பது அன்று விளங்கிற்று. என் அன்னையார் முப்பதாண்டு முன்னரே தம் கதையைச் சொல்லியிருப்பின், பள்ளிச் சிறுவர் நகை என்னை என் செய்திருக்கும்?

விடிந்ததும், "உன் விருப்பம் எதுவோ அதுவே ஆகுக, அம்மா" என்று மருமகளிடம் கூறிவிட்டேன்.

முப்பதாம் நாள் தொட்டிலிடும்பொழுது அவள் குழந்தையைக் கொணர்ந்து என் மடியிற் கிடத்தினாள். "தூக்கித் தூக்கிக் கை நோகிறது மாமா, கனமான பிள்ளை. நீங்கள் சொன்ன பெயரே இருக்கட்டும். ஆனால் ஒன்று. நகைப்பவர்க்கு இவன் சொல்ல வேண்டிய விடையை, இவன் பள்ளி செல்லுமுன் நீங்களே கற்பித்துவிட வேண்டும்" என்றாள்.

பிள்ளையின் வலச்செவியில் மும்முறை அப்பெயரை ஓதினேன். அவன் என் விரலைப் பற்றிக்கொண்டான்; பிடி திண்ணென்றே இருந்தது. இப்பொழுது நாள்தோறும் மாலையில் அவனைத் தோளிலிட்டுக் காளத்தி வேடர் கதையைச் சொல்லி வருகின்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்காதென்று வீட்டார் நகைக்கின்றனர். விளங்குங் காலத்தில் எளியேன் இருப்பேனோ, இரேனோ. ஆதலின் இப்பொழுதே தொடங்கினேன்.

திருச்சிற்றம்பலம்