இரண்டாவது மூச்சு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

சோறு இல்லாமல் சில வாரம் இருக்கலாம். தண்ணீர் இல்லாமல் சில நாள் இருக்கலாம். மூச்சு இல்லாமல்? சில நிமிடம்தான்! தரையில் நடக்கிற நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. கடலுக்கு அடியில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கோ ஒவ்வொரு மூச்சும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கருவிதான் ரெகுலேட்டர். அதைத் தேர்ந்தெடுக்கிற வேலை போன மே மாதம் என் தலையில் வந்து விழுந்தது.

நான் தூத்துக்குடிப் பையன். அப்பா சங்கு குளிக்கிறவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் ஒரே ஒரு குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் கீழே இறங்குவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டு, இப்போது அந்தமானில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப் போகும் வேலை பார்க்கிறார். 40 மீட்டருக்கும் கீழே போகிற ‘டெக்னிக்கல் டைவிங்’ பயிற்சியில் சேர்கிறாராம், சொந்தமாக ரெகுலேட்டர் வேண்டுமாம். “ஏலே, நீதான் படிக்கிறவன். எத வாங்கணும்னு நீயே சொல்லு” என்று போனில் சொல்லிவிட்டார்.

பொழுதுபோக்குக்காக மூழ்குகிறவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதையும் தாண்டிப் போகிறவர் அவசரம் என்றால்கூட நேராக மேலே வந்துவிட முடியாது. நீரின் அழுத்தத்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்காக வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். சட்டென்று வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான், உடம்புக்குள் குமிழி கிளம்பிவிடும். அப்படிக் கை கால் விழுந்துபோனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் அந்த ஆழத்திலேயே சமாளித்தாக வேண்டும்.

இந்தக் கருவியின் பிறப்பு நம் துறைக்குப் பெருமை தருவது. 1943-இல் பிரான்சில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். அப்போது உலகப்போர். பெட்ரோல் கிடைக்காததால் காரை கேஸில் ஓட்ட கான்யான் ஒரு வால்வு செய்திருந்தார். அதைத்தான் மனிதனின் மூச்சுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். மெக்கானிக்கல்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

வேலை செய்யும் விதம் எளிது. சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். சிலிண்டரின் தலையில் மாட்டும் முதல் நிலை, அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கடிக்கும் இரண்டாம் நிலை, நாம் உறிஞ்சும்போது மட்டும் திறந்து, நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவருக்கு மேலே அது 120 நிமிடம் வரும். 45 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஐந்தரை மடங்கு. அதே சிலிண்டர் 22 நிமிடத்தில் காலி! காற்றும் அங்கே ஐந்தரை மடங்கு அடர்த்தி. மட்டமான ரெகுலேட்டரில் அதை இழுப்பதே பெரும்பாடு. மூச்சு முட்டும், உடம்பில் கரியமில வாயு சேரும், புத்தி தடுமாறும்.

எனவே அண்ணனுக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். சிலிண்டரில் காற்று குறைந்தாலும் மூச்சு கனக்காத ‘பேலன்ஸ்டு’ வகையாக இருக்கட்டும். மணலும் உப்பும் உள்ளே போகாதபடி மூடிய டயாஃப்ரம் வகை நல்லது. கவ்விப் பிடிக்கும் ‘யோக்’ வேண்டாம், மரையில் திருகி இறுக்கும் ‘டின்’ முறை வேண்டும். எங்கேயாவது இடித்தாலும் அது எளிதில் நழுவாது. ஐரோப்பிய தரமான ‘ஈஎன் 250’ முத்திரை இருக்கிறதா என்று பார். 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சில் சோதித்தே அதைக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாஷரும் வால்வு சீட்டும் மாற்றித் தர உன் ஊரில் ஆள் உண்டா என்று கேள்.

இதுவரைக்கும் சிக்கல் இல்லை. சிக்கல் காசில் வந்தது. அண்ணனிடம் இருந்த பணத்துக்கு உயர்ந்த ரகத்தில் ஒன்று வாங்கலாம், அல்லது சாதாரண ரகத்தில் இரண்டு வாங்கலாம். கடைக்காரர் உயர்ந்த ரகத்தையே காட்டினாராம். அண்ணனுக்கும் அதன் பளபளப்பில் ஆசை.

நான் யோசித்தேன். பழுதானாலும் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படிதான் இந்த வால்வுகளை அமைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 45 மீட்டரில் திறந்துகொண்டால் சிலிண்டர் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்போது அந்த வால்வை மூடிவிட்டு, தனி வால்வில் மாட்டிய இன்னொரு முழு ரெகுலேட்டருக்கு மாற வேண்டும். அதனால்தான் டெக்னிக்கல் டைவிங்கில் இரண்டு என்பது விதி. ஒன்றில் 2 மீட்டருக்கு மேல் நீளமான குழாய் இருக்கும், காற்று தீர்ந்த கூட்டாளிக்குக் கொடுக்க. மற்றது கழுத்திலேயே தொங்கும். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் உதிரிப் பாகமும் ஒன்றே போதும்.

அப்பாவிடம் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டவர் சொன்னார்: “அந்தக் காலத்துல மூச்ச அடக்கிக் குளிக்கும்போது, மேல கயிறு பிடிக்க மச்சானத்தாம்ல நிறுத்துவாவ. எதுக்குத் தெரியுமா? அக்கா தாலி அந்தக் கயித்துலதான் இருக்குன்னு அவனுக்குத் தெரியும். ஒன் அண்ணனுக்கு ரெண்டாவது மெஷின்தாம்ல மச்சான். ரெண்டே வாங்கச் சொல்லு.”

இரண்டு வாங்கினார். பயிற்சியும் முடித்துவிட்டார்.

ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணனுக்கு இரண்டு வேண்டும் என்று சொன்ன அப்பா, காலையில் அதே ஒற்றைக் குழாயைக் கடித்துக்கொண்டுதானே இறங்குவார்? ஆழம் குறைவுதான். ஆனாலும் என்ஜின் நின்றுபோனால்? அதனால் இந்த ஆண்டு எங்கள் குழுவின் புராஜெக்ட் அந்த கம்ப்ரசர்தான். தொட்டியில் அழுத்தம் குறைந்தால் வள்ளத்தில் ஹாரன் அடிக்கும் ஒரு சுவிட்ச். என்ஜின் நின்றாலும் காற்று திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒருவழி வால்வு. குளிக்கிறவர் இடுப்பில், மேலே வந்து சேரும் அளவுக்குக் காற்றுள்ள ஒரு சின்ன சிலிண்டர். சார் ஒப்புதல் கொடுத்துவிட்டார். வேலை நடக்கிறது.

நண்பர்களே! நாளைக்கு நாம் எத்தனையோ இயந்திரங்களை வாங்குவோம், செய்வோம், பழுது பார்ப்போம். எவ்வளவு நன்றாக ஓடும் என்று எல்லோரும் கேட்பார்கள். நின்றுபோனால் அதை நம்பி இருக்கிறவர் கதி என்ன என்று கேட்கிறவர்தான் பொறியாளர். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நம்மைப் பெற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைக்கிறார்கள்.