ஆறு கொண்டுபோன மரங்கள்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, தாவரவியல்)

மயிலம் என்றவுடன் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மலையும், மலைமீது எழுந்தருளியிருக்கும் முருகனும், பங்குனி உத்திரத் தேருமே ஆகும். சூரபதுமன் மயில் வடிவ மலையாகித் தவம் செய்த இடம் இது என்பது தலபுராணம். அவன் தவம் செய்தது வராக நதியின் பக்கத்தில் என்றும் அதே புராணம் கூறுகிறது. ஆனால் மலைக்கு வரும் கூட்டத்தில் அந்த நதி எங்கே என்று கேட்பவர் இல்லை. கேட்டாலும், ஆண்டின் பெரும்பகுதி காட்டுவதற்கு மணலும் கோரையும் சீமைக்கருவேல முள்ளும்தான் இருக்கும். அந்த ஆற்றைப் பற்றியும், அதன் கரையிலுள்ள திருவக்கரை என்னும் சிற்றூரைப் பற்றியும், ஆறு போய்ச் சேரும் கடற்கரையைப் பற்றியும் எழுதவே இந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றுவதால் அதற்குச் செஞ்சியாறு என்று பெயர். வராக நதி என்பதும் சங்கராபரணி என்பதும் அதுவே. தொண்டியாறு வந்து கலக்கும் இடத்தில் 1959-ஆம் ஆண்டு வீடூர் அணையைக் கட்டினார்கள். 32 அடி உயரமுள்ள அணை. 3,200 ஏக்கருக்குப் பாசனம். அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு உரியது. அணைக்குக் கீழே திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியாகப் போய், அரியாங்குப்பம் அருகில் கடலை அடைகிறது ஆறு. எங்கள் முருகனும் மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறான். ஆக, மயிலத்தாருக்குக் கடல் அப்படியொன்றும் அந்நியமன்று.

எங்கள் ஊர் அணைக்குக் கீழே உள்ளது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் முதல் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் பெய்த மழை 51 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி ஒரே நாளில் கொட்டிவிட்டது. வானொலியில் மயிலம் மயிலம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னபோது பெருமைப்படும் நிலையில் நாங்கள் இல்லை. பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தோம். அணையைத் திறந்துவிட்டார்கள். பத்து மாதம் ஆடு மேயும் ஆறு அன்று பனைமரத்தின் பாதியளவுக்கு ஓடியது. வைக்கோற்போர் ஒன்று கலையாமல் அப்படியே மிதந்து போனதைக் கண்டேன். அதன் பின்னால் வேரோடு மரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்வலம் போவதுபோல்.

அவற்றில் ஒன்று எங்கள் புளியமரம். எங்களுக்கென்று இருந்தது ஆற்றோரம் அரைக்காணி நிலமும் அந்த மரமும்தான். என் தாத்தாவின் அப்பா வைத்தது என்பார்கள். ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் உலுக்கி, என் ஆயா திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுத்து, திண்டிவனம் சந்தையில் விற்பாள். பள்ளி முடியும் வரை என் நோட்டுப் புத்தகச் செலவு அந்தப் புளியிலிருந்து வந்தது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், மரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். நிலத்தின்மேல் முழங்கால் அளவு வெள்ளை மணல். மணலை வாரி நிலத்தைத் திருத்திவிட்டோம். மரத்தை என்ன செய்வது? ஆயா மட்டும் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தாள், "அம்மாம் பெரிய மரம், எங்க போயிருக்கும்?" என்று. மாடு தொலைந்தால் கேட்பதுபோல் கேட்பாள்.

ஓராண்டு கழிந்து, சென்ற மார்கழிப் பௌர்ணமியன்று, திருவக்கரை வக்கிரகாளிக்கு வேண்டுதல் என்று ஆயா புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன். அங்கிருந்து அரியாங்குப்பத்தில் உள்ள சின்னம்மா வீட்டில் ஓர் இரவு தங்கி வருவதாக ஏற்பாடு. மயிலத்திலிருந்து புதுச்சேரிச் சாலையில் சென்று பெரும்பாக்கத்தில் பிரிய வேண்டும். இருமருங்கிலும் மல்லாட்டைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும் கரும்பும். போகப் போக மண்ணின் நிறம் சிவந்துகொண்டே வருகிறது.

திருவக்கரை சிற்றூர்தான். ஆனால் பௌர்ணமியன்று அதைச் சிற்றூர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நள்ளிரவுச் சோதி பார்க்கக் காலையிலிருந்தே கூட்டம். எலுமிச்சம்பழ மாலைகளின் மணம் பேருந்து நிற்கும் இடத்திலேயே வந்துவிடுகிறது. சிவன் கோயில் ஞானசம்பந்தர் பாடிய தலம். மும்முக இலிங்கம் உள்ளது. செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கியது. வக்கிராசுரனைத் திருமால் சக்கரத்தால் கொன்றார், அவன் தங்கை துன்முகியைக் காளி கொன்றாள் என்பது இவ்வூர்க் கதை. காளியைத் தொழுது வெளியே வந்ததும், கல்மரப் பூங்காவுக்குப் போகலாம் என்று ஆயாவை அழைத்தேன். எனக்கு அதுதான் நோக்கம். பாடத்தில் தொல்தாவரவியல் வருகிறது.

"அசுரன் எலும்புதானே? நான் சின்னப் புள்ளையிலயே பாத்திருக்கேன்" என்றாள் ஆயா. இந்தப் பக்கத்துப் பழையவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சிவந்த சரளை மண்ணில் பாதி புதைந்தும் பாதி வெளிப்பட்டும், துண்டு துண்டாக, வெளுத்துக் கிடக்கும் அந்த உருளைகளைத் தொலைவிலிருந்து பார்த்தால் வேறு என்னவென்றுதான் சொல்வது?

அவை மரங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் சுமார் 247 ஏக்கர் பரப்பில் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதினார். செல் கொள்கை என்ற பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் ஷ்லைடன் என்னும் அறிஞர், நம் திருவக்கரை மரம் ஒன்றுக்குப் பெயரிட்டவர் என்பதை அறிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! அதே மரத்தை 1931-இல் பீர்பல் சாகனி மறுபடி ஆராய்ந்து மெசெம்பிரியாக்சைலான் ஷ்மிடியானம் என்று வைத்தார். அது ஊசியிலை மரங்களின் வகுப்பைச் சேர்ந்தது. ஏனையவற்றில் புளியின் குடும்பம் உண்டு. ஆமணக்கின் குடும்பம், புன்னையின் குடும்பம், மருதின் குடும்பம் உண்டு.

மரம் எப்படிக் கல்லாகும்? மணலுக்கடியில் காற்றுப் புகாமல் புதைந்த மரம் விரைவில் மக்குவதில்லை. மணலில் ஊறும் நீர், தன்னில் கரைந்துள்ள சிலிக்காவை மரத்தின் செல்களுக்குள் கொண்டுவந்து சிறிது சிறிதாகப் படியவைக்கிறது. காலப்போக்கில் மரப்பொருள் நீங்கி, செல்லின் அச்சு மட்டும் கல்லாக எஞ்சுகிறது. அதனால்தான் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், நேற்று வெட்டிய மரத்தில் காண்பதுபோல் குழாய்களையும் கதிர்களையும் காணமுடிகிறது. இதில் குறிப்பிடத்தக்கது ஒன்று: இங்கே கிடப்பவை அடிமரங்களே. கிளையில்லை, வேரில்லை, இலையில்லை. ஆகவே இவை இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கோ மேற்கே வளர்ந்து பெருவெள்ளத்தில் உருண்டு, கிளைகளை உதிர்த்து, இங்கே மணலில் புதைந்தவை என்று அறிஞர் கூறுவர்.

இந்த ஒரு வரியை வகுப்பில் பேராசிரியர் சொன்னபோது நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், அவ்வளவே. திருவக்கரையில் நின்றபோதுதான் அது ஊர்வலம் போன மரங்களாக என் கண்முன் வந்தது.

ஆயாவிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் படித்ததை ஆயாவுக்குச் சொல்வது தேர்வு எழுதுவதைவிடக் கடினம். சிலிக்கா என்பதை "மணலோட சத்து" என்றேன். 2 கோடி ஆண்டு என்பதைச் சொல்ல வழியே கிடைக்கவில்லை. அவள் பாதி கேட்டாள். பிறகு குனிந்து, ஒரு மரத்தின் வெட்டுமுகத்தை உள்ளங்கையால் தடவினாள். வாழ்நாளெல்லாம் விறகு பிளந்த கை.

"இது நல்லா வைரம் பாஞ்ச மரம் பாப்பா. தோ பாரு, நடுவுல வேற மாதிரி, ஓரத்துல வேற மாதிரி."

நடுவில் கருமை, ஓரத்தில் வெளிறல். வைரக்கட்டை, சாற்றுக்கட்டை என்று நான் படம் வரைந்து பாகம் குறித்தது அதைத்தான். 

"எலும்புல இப்படி இருக்காது" என்று அவளே முடிவும் சொன்னாள். உடனே, "அப்ப அசுரன் கதை பொய்யா?" என்று கேட்கவும் செய்தாள். நான் பேசாமல் இருந்தேன். "அதுவும் இருக்கட்டும்" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அங்கே மனம் வருந்தத்தக்க காட்சியும் உண்டு. இளைஞர் சிலர் கல்மரத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். ஒரு மரத்தில் யாரோ காதலர் பெயர் பொறித்திருந்தார்கள். எடுத்துச் செல்லக் கூடாது என்பது விதி. ஆயினும் நம்மில் சிலர் வீட்டு அலமாரியில் இக்கல் துண்டு இருப்பதை நான் அறிவேன். 2 கோடி ஆண்டு தாக்குப்பிடித்தது நம் கால்சட்டைப் பைக்குத் தப்பவில்லை. வேலிக்கு வெளியே, கொல்லைகளிலும் இத்தகைய துண்டுகள் அகப்படுகின்றன. சுற்றிலும் உடைகல்லுக்காகப் பாறை உடைப்பவர்களுக்கு எது மரம், எது பாறை என்று சொல்ல நம் துறை மாணவர்கள் ஒருநாள் போனால் என்ன? நாட்டு நலப்பணித் திட்ட முகாமை அடுத்த ஆண்டு திருவக்கரையில் வைக்கலாம் என்பது என் கருத்து.

அங்கிருந்து கடற்கரை நோக்கிய பயணத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செம்மண் மேடுகளும் முந்திரித் தோப்புகளும் முடிந்து, தென்னையும் நெல்லும் தொடங்கும். காற்றில் உப்பு தெரியும். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945-இல் வீலர் தோண்டி ரோமானியரோடு நடந்த வாணிகத்தை உலகுக்குக் காட்டிய இடம். பார்க்கப் போனோம், மாந்தோப்பும் ஒரு பழைய சுவரும் இருந்தன. ஆயா நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள்.

மறுநாள் காலை வீராம்பட்டினம் கடற்கரை. முதலில் செங்கழுநீரம்மன் கோயில். ஆடி மாதத் தேரைப் புதுச்சேரி ஆளுநரே வடம்பிடிக்கும் வழக்கமுடைய கோயில் அது. அம்மன் வந்த கதையைச் சின்னம்மா வழியிலேயே சொன்னாள்: வீரராகவர் என்ற மீனவரின் வலையில் மீனுக்குப் பதில் ஒரு மரக்கட்டை சிக்கியது, வீட்டில் அடுப்புக்காக மனைவி கோடரியால் வெட்டினாள், கட்டையிலிருந்து இரத்தம் வந்தது, அந்தக் கட்டையே அம்மனாயிற்று. ஆற்றின் மேற்பக்கம் மரத்தை எலும்பு என்கிறார்கள். கீழ்ப்பக்கம் மரத்தில் இரத்தம் கண்டிருக்கிறார்கள்! ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கரையில் படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. மீன் கூடையோடு இருந்த ஒரு பெரியம்மா, எந்த ஊர் என்று கேட்டார்.

"மயிலம் பக்கம்."

"அந்தப் புயலப்போ உங்க ஊரு மரமெல்லாம் இங்கதாம்மா வந்து ஒதுங்குச்சி. கரை பூராவும் கட்டை. ஆறு மாசம் அதுலதான் அடுப்பெரிச்சோம். உப்பு ஏறுன கட்டை, படபடன்னு வெடிக்கும்."

ஆயா சட்டென்று கேட்டாள்: "புளிய மரம் வந்துச்சிங்களா? பெரிசு. ரெண்டு ஆளு கட்டிப்புடிக்கலாம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. சற்று யோசித்தார். "வேம்பு வந்துச்சி, தென்னை, முருங்கை, வாழை எல்லாம் வந்துச்சி. பச்சப் புளி கனம்மா. அம்மாந் தூரம் மெதக்காது. வர்ற வழியிலயே எங்கியாவது மணலுக்குள்ள பூந்திருக்கும்."

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா பாப்பா? அங்கதான் எங்கியோ கெடக்குது" என்றாள். பிறகு கூடைப்பக்கம் குனிந்து, சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை கேட்டாள். இருநூறு என்றார் அந்த அம்மா. நூற்றைம்பதுக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்று ஆயா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.